புழுக்கக் கோடையில் ஆர்.வி. பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் மாதம் பள்ளிக்கு விடுமுறை விட்டதும் அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டிப் பேச்சு கிளம்பிவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருந்தால் அவர்களுக்குச் சௌகரியம் என்று வாடகைக்கு எடுப்பார்கள். நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். இரண்டு கோடை வாடகை வண்டியில் போனோம். அப்புறம் 25 அடி நீளத்தில் ஒரு பழைய கிளாஸ் சி வண்டி வாங்கினோம்; வேன் முகப்பும், ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு கட்டிலும் உள்ள வகை. புறப்படும் முன் நண்பர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். அமெரிக்கக் கருவிகள் எல்லாம் ஃபாரன்ஹீட்டில் காட்டுவதால் நானும் அதிலேயே சொல்கிறேன். 90 என்றால் நம் கணக்கில் 32, 104 என்றால் 40.

கேள்வி: சென்னை வெயிலையே பார்த்தவர்கள் நாம். இதற்கென்று தனியாகத் தயாராக வேண்டுமா?

வேண்டும். சென்னையில் நாம் வெயிலைக் கடந்தது கான்கிரீட் வீட்டுக்குள்ளே. ஆர்.வி.யின் சுவர் ஒன்றரை, இரண்டு அங்குலம்தான். கூரையும் அப்படித்தான். காலை பத்து மணிக்கு ஏறுகிற சூடு மாலை ஏழுக்கும் இறங்காது. இன்னொன்று, பத்து வருடம் ஏசி அலுவலகத்திலும் ஏசி காரிலும் இருந்த உடம்பு பழைய பழக்கத்தை மறந்திருக்கும். வெயிலுக்கு உடம்பு மறுபடி பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். நம் பயணமோ ஐந்து நாள்.

அதைவிட முக்கியம், புழுக்கம். மதுரை வெயிலில் வியர்வை உடனே காய்கிறது, காயும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது, வழியத்தான் செய்யும். அதனால்தான் அமெரிக்க வானிலைத் துறை ‘ஹீட் இன்டெக்ஸ்’ என்று ஒரு கணக்குச் சொல்கிறது. வெப்பம் 90 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் உடம்புக்கு அது 105 டிகிரி மாதிரி. அதுவும் நிழலில். நேர் வெயிலில் நின்றால் இன்னும் 15 டிகிரி வரை கூடும்.

கேள்வி: வானிலைச் செயலியில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

டியூ பாயின்ட். தமிழில் பனிநிலை என்பார்கள்; காற்றிலிருக்கும் ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை அது. ஈரப்பதச் சதவீதம் காலைக்கும் மாலைக்கும் தாறுமாறாக மாறும், அதை வைத்து ஒன்றும் புரியாது. டியூ பாயின்ட் 60-க்குக் கீழே இருந்தால் சுகம். 65-ஐத் தாண்டினால் கசகசப்பு. 70-க்கு மேல் இரவிலும் விடாது. 75 என்று காட்டினால், மின் இணைப்பு இல்லாத முகாமில் (ஆர்.வி.யை நிறுத்தித் தங்கும் இடம்) பெரியவர்களையோ கைக்குழந்தையையோ தூங்கவைக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரவு வெப்பம் டியூ பாயின்ட்டுக்குக் கீழே இறங்குவது அரிது என்பதையும் நினைவில் வையுங்கள். டியூ பாயின்ட் 77 என்றால் விடியற்காலை நாலு மணிக்கும் 77-க்குக் குறையாது. ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்துக்கொள்ளலாம் என்ற திட்டம் அங்கேயே முடிந்துவிட்டது.

கேள்வி: எந்தப் பக்கம் மோசம்? வடக்கே போனால் தப்பிக்கலாமா?

மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய கரை முழுவதும், அதாவது டெக்சாஸ் கடற்கரையிலிருந்து லூசியானா, மிசிசிப்பி, அலபாமா வழியாக ஃபுளோரிடா வரை, ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரே புழுக்கம். ஜூலையில் அங்கே கடல் நீரே 85 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். கடல் காற்று வீசும், ஆனால் அது வெதுவெதுப்பான ஈரக் காற்று. 2023 ஆகஸ்ட் 27 அன்று நியூ ஆர்லியன்ஸ் 105 டிகிரி தொட்டது. அந்த ஊர் அதுவரை காணாத வெப்பம். அதே நாள் ஹூஸ்டனில் 109.

வடக்கே போனால் தப்பலாம் என்று அயோவா, இல்லினாய் பக்கம் திரும்புகிறவர்கள் ஏமாந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஜூலையில் கண்ணுக்கெட்டிய தூரம் சோளக்காடு. மக்காச்சோளம் வேரால் உறிஞ்சிய தண்ணீரை இலை வழியே காற்றில் விடுகிறது. ஒரு ஏக்கர் சோளம் ஒரு நாளைக்கு 3,000 முதல் 4,000 காலன் தண்ணீரை ஆவியாக்கும், 11,000 லிட்டருக்கு மேல். அத்தனையும் நம் வண்டியைச் சுற்றி நிற்கிற காற்றில்தான் சேர்கிறது. அந்த ஊர்க்காரர்கள் இதைச் ‘சோள வியர்வை’ என்றே சொல்கிறார்கள்.

வடக்கு தெற்கு பார்ப்பதைவிட மேடு பள்ளம் பாருங்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கேள்வி: ஏசி நிற்காமல் ஓடுகிறது. ஆனாலும் உள்ளே 85-க்குக் கீழே இறங்கவில்லை. கெட்டுப்போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. கூரை ஏசி 13,500 அல்லது 15,000 பி.டி.யூ. திறன் உள்ளது. அதனிடம் எதிர்பார்க்கக்கூடியது இதுதான்: உறிஞ்சுகிற காற்றைவிட ஊதுகிற காற்று 16 முதல் 22 டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். சமையலறை வெப்பமானி ஒன்றை எடுத்து, முதலில் உறிஞ்சும் வாயில், அப்புறம் ஏசிக்கு மிக அருகில் இருக்கும் ஊதும் துளையில் பிடித்துப் பாருங்கள். வித்தியாசம் அந்த அளவுக்கு இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது, வெப்பம் வேறு வழியில் உள்ளே வருகிறது. புழுக்க நாளில் வித்தியாசம் கொஞ்சம் குறைவதும் சகஜம். ஏசியின் பலத்தில் ஒரு பங்கு காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிழிந்தெடுக்கப் போய்விடும். கூரை ஓரத்திலிருந்து தண்ணீர் தாரையாகச் சொட்டினால் பயப்பட வேண்டாம். நல்ல அறிகுறி அது.

வித்தியாசம் பத்துப் பன்னிரண்டுதான் என்றால் முதலில் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். வாடகை வண்டிகளில் அது சாம்பல் நிறக் கம்பளி மாதிரி இருக்கும். அடுத்து, கூரையிலுள்ள ஏசி மூடியின் உட்புறம். குளிர்ந்த காற்று போகும் வழியும் சூடான காற்று வரும் வழியும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, நடுவே ஒரு தடுப்பு. பல வண்டிகளில் அந்தத் தடுப்பில் இடைவெளி விட்டிருக்கும். குளிர்காற்று அறைக்கு வராமலே திரும்ப ஏசிக்குள் போய்விடும். சொந்த வண்டி என்றால் அலுமினியப் பட்டையால் அந்த இடைவெளியை அடைத்துவிடுங்கள். எங்கள் வண்டியில் அரை மணி நேர வேலை, அன்றைக்கே ஆறு டிகிரி குறைந்தது.

வெப்பம் வரும் வழிகளில் பெரியது முன்கண்ணாடி. கிளாஸ் சி வண்டியில் ஓட்டுநர் பகுதிக்கும் பின்பகுதிக்கும் நடுவே கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள். முகாமில் நின்றவுடன் நாங்கள் செய்யும் முதல் வேலை அதுதான். அடுத்தது கூரைத் துவாரங்கள். 14 அங்குலச் சதுரம், மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் மூடி. அவற்றில் செருக அதே அளவில் நுரைத் திண்டு விற்கிறார்கள், வாங்கிச் செருகுங்கள். குளியல் தொட்டிக்கு மேலே வெளிச்சக் கூண்டு இருந்தால் அதையும் மூடுங்கள். மேற்கு ஜன்னல்களுக்கு வெள்ளிநிறக் குமிழ்த் தாள்.

காலை எட்டு மணிக்கே ஏசியைப் போட்டு 74, 75-ல் வைத்துவிடுங்கள். வண்டியே ஒரு சூடான பாத்திரம். மெத்தை, அலமாரி, தரை எல்லாம் சூடேறிய பிறகு மதியம் இரண்டு மணிக்குப் போட்டால் ஏசி இரவு வரை போராடும். வெளியே சுற்றப் போகும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அணைப்பதும் அதே தவறு. அதற்காக 66-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்றும் நினைக்காதீர்கள். ஏசியின் குளிர்ச் சுருளில் பனி உறைந்து காற்றே வராமல் போகும். அப்படி ஆகிவிட்டால் குளிரூட்டலை நிறுத்திவிட்டு, விசிறியை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், உருகிவிடும்.

கேள்வி: 30 ஆம்ப், 50 ஆம்ப் என்கிறார்களே, எது வேண்டும்?

முகாமில் ஒவ்வோர் இடத்திலும் ஒரு மின்பெட்டி இருக்கும். 30 ஆம்ப் இணைப்பில் மொத்தம் 3,600 வாட். 50 ஆம்ப் இணைப்பில் இரண்டு கம்பிகளில் 50 ஆம்ப் வீதம் வருவதால் 12,000 வாட். பெயரில் இருபது ஆம்ப் வித்தியாசம், நிஜத்தில் மூன்று மடங்குக்கு மேல். இரண்டு ஏசி உள்ள பெரிய வண்டிக்கு 50 வேண்டும். ஓர் ஏசி உள்ள வண்டிக்கு 30 போதும், கணக்கு தெரிந்து செலவழித்தால்.

கணக்கு இது: வெயில் நேரத்தில் ஏசி சுமார் 15 ஆம்ப் இழுக்கும். வெந்நீர்க் கொதிகலன் மின்சாரத்தில் ஓடினால் 12. மைக்ரோவேவ் 12. முடி உலர்த்தி 12. ஃபிரிட்ஜும் பேட்டரி சார்ஜரும் சேர்ந்து ஐந்தாறு. ஏசி ஓடும்போது வேறு ஒன்றே ஒன்றுதான் ஓடலாம். எனவே கொதிகலனையும் ஃபிரிட்ஜையும் கேஸுக்கு மாற்றிவிடுங்கள். அந்தப் பொத்தான் பல வாடகை வண்டிகளில் உண்டு, யாரும் காட்டித் தர மாட்டார்கள்.

அமைதியாகக் கெடுக்கிற ஆபத்து வேறொன்று உண்டு: மின்னழுத்தம் இறங்குவது. இதை நாங்கள் கற்றுக்கொண்டது டெக்சாஸ் கடற்கரையில், போர்ட் அரான்சஸ் பக்கம் ஒரு முகாமில். ஜூலை மாதம், சனிக்கிழமை, இடம் நிறைந்திருந்தது. அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து மூன்று வாரம். மதியம் மூன்று மணிக்கு எல்லா வண்டியிலும் ஏசி முழு வேகத்தில். 120 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மின்னழுத்தத்தைக் கவனிக்கும் எங்கள் காவல் கருவி 109 காட்டியது, பிறகு 106, பிறகு 103. உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டது. அது சரியான செயல். 104-க்குக் கீழே கம்ப்ரஸரை ஓடவிட்டால் அது அதிக ஆம்ப் இழுத்துச் சூடேறிக் கருகும். இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி இணைத்தது, மறுபடி துண்டித்தது. செருகியைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு பித்தளைப் பல் பழுப்பேறி, சுற்றிலும் இருந்த ரப்பர் மெழுகு மாதிரி இளகி இருந்தது. பெட்டியிலிருந்த 30 ஆம்ப் துளை பல வருடம் பலர் செருகிப் பிடுங்கித் தளர்ந்து போனது. அன்று அப்புறம் நடந்ததைப் பெரியவர்கள் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

இப்போது செய்வது: முகாமுக்குப் போனதும் வண்டியை நிறுத்தும் முன்பே வோல்ட் மீட்டரைப் பெட்டியில் செருகிப் பார்க்கிறோம். துளையில் கருப்புத் தடம் இருந்தால் வேறு இடம் கேட்கிறோம். 50 ஆம்ப் துளையும் இருந்தால் ‘டாக்போன்’ என்கிற குட்டி இணைப்பான் வழியே அதில் செருகுகிறோம். கிடைப்பது அதே 30 ஆம்ப்தான், ஆனால் அந்தத் துளை தேயாமல் இறுக்கமாக இருக்கும். முதல் மணி நேரத்துக்குப் பிறகு செருகியைத் தொட்டுப் பார்க்கிறோம். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் ஏசியை அணைத்து, பெட்டியின் பிரேக்கரையும் இறக்கிவிட்டு, பிறகு கழற்றுங்கள்.

கேள்வி: முகாமில் எந்த இடம் கேட்க வேண்டும்?

மாலை நிழல் உள்ள இடம். காலை வெயில் எங்கே விழுந்தாலும் தாங்கலாம். மூன்றிலிருந்து ஏழு வரை மேற்கே மரம் இருக்க வேண்டும். பதிவு செய்யும்போது வரைபடத்தில் வடக்கு எது என்று பார்த்து, தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். ஏரிக்கரை, கடற்கரை முதல் வரிசை எல்லாம் படத்தில் அழகு, அங்கே பெரும்பாலும் ஒரு மரம் இராது. வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று நம் கையில் இருந்தால், ஃபிரிட்ஜ் இருக்கும் பக்கத்தை மேற்கிலிருந்து விலக்குங்கள்.

கேள்வி: உள்ளே எல்லாம் ஈரமாக இருக்கிறது. மெத்தைக்கு அடியில் பூஞ்சை வாசனை. என்ன செய்வது?

ஏசி விசிறியை ‘ஆன்’ என்று வைத்திருப்பீர்கள். ‘ஆட்டோ’வுக்கு மாற்றுங்கள். ஆனில் இருந்தால் கம்ப்ரஸர் நின்ற பிறகும் விசிறி ஓடி, சுருளில் நிற்கும் தண்ணீரைத் திரும்ப அறைக்குள்ளேயே ஊதிவிடும். இந்த ஒரு மாற்றத்திலேயே இரவில் வித்தியாசம் தெரியும். குளிக்கும்போது குளியலறைத் துவாரத்தைத் திறந்து விசிறியைப் போடுங்கள், பத்து நிமிடத்தில் மூடிவிடுங்கள். ஈரத் துண்டுகளை வண்டிக்குள் காயப் போடாதீர்கள். மெத்தையைப் பகலில் ஒருபக்கமாகத் தூக்கி நிறுத்துங்கள். சிறிய ஈரநீக்கி ஒன்று வைத்துக்கொண்டால் நல்லது, அது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடும் என்று தெரிந்து வாங்குங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் தண்ணீர்க் குளிர்விப்பான், அதாவது ஊரில் ஏர்கூலர் என்போமே, அரிசோனா வறட்சிக்குத்தான் உதவும். புழுக்கத்தில் அது இன்னும் ஈரத்தைச் சேர்க்கும்.

கேள்வி: சமையல்?

வெளியே. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கேஸ் எரியும்போது வெப்பம் மட்டும் வருவதில்லை. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். அதோடு சோறு கொதிக்கிற ஆவி, இட்லிப் பானை ஆவி. இருநூறு சதுர அடி அறைக்குள் நாமே ஒரு சோளக்காட்டை நட்டுவைத்த மாதிரி. ஏசி அதையெல்லாம் பிழிந்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும்.

மின்பெட்டியில் 20 ஆம்ப் சாதாரணத் துளை தனியாக இருக்கும். வண்டியின் 30 ஆம்ப் கணக்கில் அது சேராது. கனமான வெளிப்புற ஒயர் ஒன்றை அதிலிருந்து இழுத்து, பந்தல் நிழலில் மேசை போட்டு ரைஸ் குக்கரையும் இன்டக்ஷன் அடுப்பையும் வைத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டும் முழு வேகத்தில் வேண்டாம். விடியற்காலை ஆறு மணிக்கே இரண்டு வேளைக்கு வடித்துவிட்டால் பகலில் அடுப்பே வேண்டாம். அம்மா எங்களோடு வந்த பயணங்களில் இரவே சோற்றில் தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார். காலையில் மோர், சின்ன வெங்காயம், ஊறுகாய். அந்த வெக்கைக்கு அதைவிட நல்ல உணவு எனக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனால் நாள் முழுக்கத் தாங்கும் என்று நினைக்கிறோம். வெளியே 90 டிகிரிக்கு மேல் இருந்தால், சமைத்த உணவு குளிர்ச்சியில்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இங்கே உணவுப் பாதுகாப்பு விதி. நீச்சலுக்குப் போகும்போது டப்பாவை ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: ஃபிரிட்ஜில் பால் திரிந்துவிடுகிறதே?

கேஸிலும் மின்சாரத்திலும் ஓடுகிற பழைய வகை ஃபிரிட்ஜ் வெளிவெப்பம் ஏற ஏறத் தளரும். வண்டி மட்டமாக நிற்க வேண்டும், புறப்படுவதற்கு முந்தின நாளே போட்டுவைக்க வேண்டும், ஏற்கெனவே குளிர்ந்த பொருளைத்தான் உள்ளே வைக்க வேண்டும். உள்ளே ஒரு வெப்பமானி, 40-க்கு மேல் காட்டினால் பாலையும் மாவையும் ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள். கம்ப்ரஸர் வகை ஃபிரிட்ஜில் இந்தத் தொல்லை குறைவு.

கேள்வி: அப்பா அம்மாவை அழைத்துப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

வயதானால் தாகம் மட்டுப்படும், வியர்வை குறையும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சிரமம். புறப்படும் முன் மருத்துவரிடம் மாத்திரை அளவு பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனா 86 டிகிரிக்குமேல் போகக் கூடாது, வண்டியின் முன்பகுதியில் அதை வைக்கவே வைக்காதீர்கள். அதோடு, நம் பெரியவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். “எனக்கு ஒண்ணுமில்ல, குழந்தைகளைப் பாரு” என்பார்கள்.

போர்ட் அரான்சஸ் முகாமில் ஏசி நின்றது மூன்றரை மணிக்கு. ஐந்து மணிக்கு உள்ளே 97. நான் செருகியோடும் பெட்டியோடும் போராடிக்கொண்டிருந்தேன். அப்பா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். “பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். எந்த பஸ் என்றேன். பதில் இல்லை. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் காலுக்குப் போடுவது என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கணக்கு வாத்தியாராக இருந்தவர். எனக்கு அந்த நொடியே கை கால் உதறியது.

தலைசுற்றல், குமட்டல், பிசுபிசுவென்று குளிர்ந்த வியர்வை, தசைப்பிடிப்பு: இது வெப்பச் சோர்வு. குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, ஈரத்துணி போட்டு, மெல்ல மெல்லத் தண்ணீர் கொடுத்தால் தேறும். பேச்சு குழறினால், ஆள் அடையாளம் தடுமாறினால், மயங்கினால் அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். உடம்பு சூடு 104-ஐத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றிருக்கலாம், நிற்காமலும் இருக்கலாம், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உடனே 911. ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா இருக்கக் கூடாது. சட்டையைத் தளர்த்தி, தண்ணீரை ஊற்றி, விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் கட்டிகள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நாங்கள் ஐஸ் பெட்டியை அப்படியே கவிழ்த்தோம். அம்மா தன் சேலைத் தலைப்பை நனைத்து விசிறிக்கொண்டே இருந்தார்.

1995 ஜூலையில் சிகாகோவில் ஒரே வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் பெரியவர்கள், மூடிய அறையில் தனியாக இருந்தவர்கள். இரவும் குளிராத புழுக்கம் என்ன செய்யும் என்பதற்கு அது சாட்சி. பகலில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பெரியவர்களிடம் ஏதாவது ஒரு கேள்வி கேளுங்கள். நேற்று என்ன சாப்பிட்டோம், பேத்திக்கு எந்த வகுப்பு. பதில் வரும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: நாயை வண்டியில் விட்டுவிட்டுப் போகலாமா?

மின்சாரம் போனால் உங்களுக்குத் தெரிய வழி இருந்தால் மட்டும். கைப்பேசி சிம் உள்ள வெப்பக் கண்காணிப்புக் கருவி விற்கிறார்கள். முகாமின் வைஃபையை நம்பிய கருவி கூடாது, மின்சாரம் போனால் வைஃபையும் போய்விடும்.

கேள்வி: ஓட்டும்போது?

முன்பகுதி ஏசி ஓட்டுநரையும் பக்கத்து இருக்கையையும்தான் குளிர்விக்கும். பின்னால் குழந்தைகள் இருந்தால் ஜெனரேட்டரைப் போட்டுக் கூரை ஏசியை ஓடவிடுங்கள். வாடகை வண்டியில் ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கில் தனிக் கட்டணம் கேட்பார்கள், கொடுக்கலாம். விடியுமுன் கிளம்பி ஒரு மணிக்குள் அடுத்த முகாமைச் சேர்ந்துவிடுவது நல்லது.

டயர். காலையில் வண்டி நகரும் முன்பே காற்றழுத்தம் பாருங்கள். மதியம் அளந்தால் சூட்டில் அதிகமாகத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் டயர் தளர்ந்து இன்னும் சூடேறி வெடிக்கும். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் வாரமும் வருடமும். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம். ஏழு வயது தாண்டிய டயரில் ஆகஸ்ட் மாத நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள், பட்டை எவ்வளவு புதிதாக இருந்தாலும்.

கேள்வி: இரவு முழுக்க ஜெனரேட்டரில் ஏசி போட்டுத் தூங்கலாமா?

தேசியப் பூங்கா முகாம்களில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை அனுமதி இல்லை. மற்ற இடங்களில் அனுமதி இருந்தாலும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பார்க்காமல் தூங்காதீர்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பக்கத்து வண்டியின் புகைகூட நம் ஜன்னல் வழியே வரும்.

கேள்வி: அப்படியானால் கோடையில் எங்கேதான் போவது?

மேலே. ஆயிரம் அடி ஏறினால் மூன்று முதல் ஐந்து டிகிரி குறையும், இரவு நிஜமாகவே குளிரும். கிழக்கே இருப்பவர்களுக்கு வட கரோலினா மலைகள். 469 மைல் நீளமுள்ள புளூ ரிட்ஜ் பார்க்வே அங்கேதான் முடிகிறது. மிசிசிப்பி நதிக்குக் கிழக்கே மிக உயரமான மவுன்ட் மிட்செல், 6,684 அடி, பக்கத்தில்தான். பார்க்வே முகாம்களில் மின் இணைப்பு கிடையாது, ஐயாயிரம் அடியில் அது பெரும்பாலும் தேவைப்படாது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அந்தச் சாலையைப் பல இடங்களில் அறுத்துவிட்டது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

டெக்சாஸ்காரர்களுக்கு நியூ மெக்சிகோவில் கிளவுட்கிராஃப்ட், 8,600 அடிக்கு மேல். ஜூலை ஆகஸ்டில் மதியம் இரண்டு மணிக்கு இடி இடித்து மழை கொட்டும், நாலு மணிக்கு வெறித்துவிடும், மரமெல்லாம் ஊசியிலை வாசனை. ராத்திரி ஸ்வெட்டர் வேண்டும். அந்த உயரத்தில் ஜெனரேட்டரின் திறன் கால் பங்குக்கு மேல் குறையும், ஆனால் அதைப் போட வேண்டியிராது.

கேள்வி: குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வருகிறது.

ரப்பர்க் குழாய் வெயிலில் கிடக்கிறது. வண்டிக்கு அடியில், நிழலில் சுற்றிவைத்து வெளிர்நிறத் துணிப்பை ஒன்றால் மூடுங்கள். முதல் இரண்டு நிமிடத் தண்ணீரைப் பாத்திரம் கழுவப் பிடித்துக்கொள்ளுங்கள். மண்பானையில் ஊற்றிவைக்கலாமா என்று ஒரு தோழி கேட்டார். புழுக்கத்தில் பானையும் வியர்க்காது, குளிராது.

கேள்வி: எந்த நிலையில் வண்டியை விட்டுவிட்டு ஹோட்டலுக்குப் போக வேண்டும்?

இரவு எட்டு மணிக்கு உள்ளே 85-க்கு மேல், டியூ பாயின்ட் 75, வண்டியில் பெரியவர்களோ கைக்குழந்தையோ: போய்விடுங்கள். முகாமுக்குக் கட்டிய பணத்தை நினைக்காதீர்கள். கிளம்பும் முன்பே வழியில் ஒவ்வோர் ஊரிலும் ஒரு மோட்டல் எண்ணைத் தாளில் எழுதி வண்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். புயல் நாளில் கைப்பேசியில் தேட முடியாமல் போகலாம்.

அப்பாவை அன்று அவசரச் சிகிச்சைப் பிரிவில் இரண்டு பாட்டில் சலைன் ஏற்றி, ரத்தம் பார்த்து, இரவு பத்தரைக்கு விட்டார்கள். முகாமுக்குத் திரும்பவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மோட்டலில் கீழ்த்தள அறை கிடைத்தது. ஜன்னலுக்குக் கீழே பழைய ஏசி ஒன்று லாரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. அம்மா அவர் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பதினொன்றரை இருக்கும், கண்ணைத் திறக்காமலே அப்பா சொன்னார்: “குளிருதுடா, போர்வை இருக்கா?”